அப்பிள் விழுந்தது, தலையில் அல்ல

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் பத்தாம் தரம் படிக்கிறாள். பாடசாலை விஞ்ஞான தினத்தில் 'உலகை மாற்றிய பௌதிகவியலாளர்கள்' என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். ஆக்கிமிடீஸ், கலிலியோ, நியூட்டன், பரடே, மேரி கியூரி, ஐன்ஸ்டீன் என்று ஆறு பேரைத் தெரிந்தெடுத்து ஆளுக்கொரு கதை எழுதி வைத்திருந்தாள். இடையில் யாரோ 'அப்பிள் கதை சுத்தப் பொய்' என்று சொல்லிவிட்டதால், மற்றக் கதைகளிலும் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விட்டதாம். எதைச் சொல்லலாம், எதை விட வேண்டும், இவர்களில் ஆகப் பெரியவர் யார் என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கேள்வியை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். ஆறு கதைக்கும் சரி, பிழை போட்டுத் தந்தால் பேச்சு முடிந்துவிடும். ஆனால் ஏழாவது கதையைக் கேட்கும்போது பிள்ளை திரும்பவும் இதே இடத்தில் வந்து நிற்பாள். ஒரு கதையை நம்ப முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு இப்போது தேவை. நான் மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு 31 வருடம் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வரலாற்று ஆய்வாளன் அல்ல; படிப்பிக்கும்போது வந்த சந்தேகங்களுக்காகத் தேடி வாசித்தவன், அவ்வளவுதான். நானும் பல வருடம், அப்பிள் நியூட்டனின் தலையில் விழுந்தது என்றே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் பின் வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி, "சேர், அதை யார் பார்த்தது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத்தான் தேடத் தொடங்கினேன்.

எங்கள் ஊர் பாடும் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் ஒலி கேட்கும் என்பார்கள். ஒலி உண்மை. 1950களில் அமெரிக்க இயேசு சபைக் குரு ஒருவர் அதைப் பதிவு செய்து வானொலியிலும் ஒலிக்கச் செய்தார். பாடுவது மீனா, சிறு சங்கு போன்ற ஊரியா, வேறு ஏதாவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. கடற்கன்னி பாடுகிறாள் என்பதோ நாங்கள் ஆசையாகச் சேர்த்துக்கொண்டது. ஒரே விடயத்துக்குள் நிச்சயமானதும், சந்தேகமானதும், சேர்த்துக் கட்டியதும் ஒன்றாக இருக்கின்றன. விஞ்ஞானிகளின் கதைகளும் அநேகமாக இப்படித்தான். 'உண்மையா, பொய்யா' என்று கேட்டால் அவை பிடிபடாது. 'இதில் எந்தப் பகுதி?' என்று கேட்க வேண்டும்.

ஆக்கிமிடீஸ் இறந்தது கி.மு. 212இல். அரசனின் தங்கக் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று அறியும் வழி தோன்றியதும் குளிக்கும் தொட்டியில் இருந்து எழும்பி, 'யுரேக்கா' (கண்டுபிடித்துவிட்டேன்) என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினார் என்ற கதையை நமக்குச் சொல்பவர் விட்ருவியஸ் என்ற ரோமக் கட்டடக் கலைஞர். அவர் எழுதியது ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்குப் பிறகு. ஆக்கிமிடீஸ் மிதக்கும் பொருட்களைப் பற்றித் தானே எழுதிய நூல் இன்றும் இருக்கிறது. அதில் கிரீடமும் இல்லை, ஓட்டமும் இல்லை. அதோடு கணக்கும் இடிக்கிறது. ஒரு கிலோ தங்கக் கிரீடத்தில் முந்நூறு கிராமுக்கு வெள்ளி கலந்திருந்தால் கனவளவு சுமார் 13 கன சென்ரிமீற்றரால் கூடும். இருபது சென்ரிமீற்றர் அகலமான பாத்திரத்தில் அது நீர்மட்டத்தை அரை மில்லிமீற்றர்கூட உயர்த்தாது. அந்தக் காலத்தில் அதை எப்படிப் பார்த்துச் சொல்வது? இளைஞனாக இருந்த கலிலியோவுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. 1586இல், இருபத்திரண்டு வயதில், ஆக்கிமிடீஸ் தண்ணீருக்குள் தராசைப் பாவித்திருப்பார் என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஆகவே ஓட்டத்தை 'சொல்லப்படும் கதை' என்று சொல்லட்டும். மிதப்புத் தத்துவத்தை நிச்சயமாகச் சொல்லட்டும். மாரியில் வாவித் தண்ணீரில் உப்புக் குறையும்போது அதே பாரம் ஏற்றிய தோணி சற்று ஆழமாக இறங்கும். கடல் நீர் கன மீற்றருக்கு சுமார் 1,025 கிலோ, நன்னீர் 1,000 கிலோ. மிதப்பதற்கு நன்னீரைக் கொஞ்சம் கூடுதலாக விலக்க வேண்டும். இந்த ஒரு வரியே சபைக்குப் போதும்.

அதற்கு அடுத்த பெயர் கலிலியோ. நடுவில் 1,800 வருடம் வெறுமையாகக் கிடக்கிறது. இங்கே ஒருவரைச் சேர்க்கச் சொல்லுங்கள்: இப்னு அல்-ஹைதம். பஸ்ராவில் 965 அளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று பலர் நம்பிய காலம் அது. பொருளில் இருந்து ஒளி நேர்கோட்டில் கண்ணுக்கு வருகிறது என்பதை அவர் இருட்டறை, சிறு துளை, விளக்குகள் கொண்டு படிப்படியாகக் காட்டினார். அவருடைய ஒளியியல் நூல் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் படிக்கப்பட்டது. இதெல்லாம் நிச்சயம். கலீபாவுக்குப் பயந்து பைத்தியம் போல் நடித்தார் என்ற கதை சுமார் இரண்டு நூற்றாண்டு பிந்தி எழுதப்பட்டது, அதை விட்டுவிடலாம். 'உலகின் முதல் விஞ்ஞானி' என்ற பட்டத்தையும் நான் கொடுக்க மாட்டேன். அவரே தனக்கு முன்னிருந்தவர்களை வரிக்கு வரி வாசித்துத் திருத்தியவர். முதல் ஆள் என்று சொன்னால் அந்த உழைப்பு மறைந்துபோகும். கிடுகுக் கூரையின் ஓட்டைகளால் வரும் வெயில் நிலத்தில் வட்ட வட்டமாக விழுவதை உங்கள் வீட்டில் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். ஓட்டை எந்த வடிவமாக இருந்தாலும், அது சிறியதாக இருந்தால் விழுவது வட்டம். காரணம், அது சூரியனின் படம். கிரகணத்தன்று அந்த வட்டங்கள் எல்லாம் பிறையாகிவிடும். பிறை வடிவச் சூரியனின் படம் துளை வழியே விழுவதைப் பற்றி இப்னு அல்-ஹைதம் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார்.

கலிலியோ பைசாக் கோபுரத்தில் ஏறி இரண்டு குண்டுகளைப் போட்டாரா? இதை எழுதியவர் அவருடைய கடைசிக் காலத்தில் கூட இருந்த விவியானி என்ற மாணவர். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படுவது 1590 அளவில். அவர் எழுதியது 1654இல். கலிலியோ தன் நூல்களில் இதைச் சொல்லவில்லை. நடந்திருக்கவே முடியாது என்றும் நான் சொல்ல மாட்டேன், வயதான காலத்தில் ஆசிரியர் மாணவனுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே பரிசோதனையைச் செய்து அச்சிலும் போட்டவர் இருக்கிறார்: ஒல்லாந்தில் வாழ்ந்த சைமன் ஸ்டெவின், 1586இல். ஒன்று மற்றதை விடப் பத்து மடங்கு பாரமான இரண்டு ஈயக் குண்டுகள், முப்பது அடி உயரம், கீழே ஒரு பலகை. இரண்டும் விழுந்த சத்தம் ஒன்றாகவே கேட்டது. அவருடைய பெயர் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

கலிலியோ உண்மையில் செய்தது கோபுரக் கதையை விட நூறு மடங்கு அழகானது. மேலிருந்து விழும் பொருள் மிக விரைவாக விழும். அன்றைக்கு அதை அளக்க மணிக்கூடு இல்லை. ஆகவே அவர் விழுதலை மெதுவாக்கினார். பலகையில் நீளமாக ஒரு தவாளிப்புச் செதுக்கி, அதைச் சற்றுச் சரித்து வைத்து, வெண்கலக் குண்டை உருட்டினார். நேரத்தை அளக்க, பெரிய பாத்திரத்தில் இருந்து மெல்லிய குழாயால் தண்ணீரை ஓடவிட்டு, குண்டு உருளும் நேரத்தில் சேர்ந்த தண்ணீரைத் தராசில் நிறுத்தார். நேரத்தைத் தராசில் நிறுத்திருக்கிறார், யோசித்துப் பாருங்கள். இரண்டு மடங்கு நேரத்தில் நான்கு மடங்கு தூரம், மூன்று மடங்கு நேரத்தில் ஒன்பது மடங்கு. 1638இல் வெளிவந்த நூலில் இதையெல்லாம் அவரே விளக்குகிறார். பிள்ளை கலிலியோவுக்கு ஒரு நிமிடம் வைத்திருந்தால் மூன்று நிமிடமாக்கச் சொல்லுங்கள். அதை எப்படி நிரப்பலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, நியூட்டனுக்கு வருவோம். அப்பிள் கதை சுத்தப் பொய் என்பதும் பிழை. 1726 ஏப்ரல் 15, நியூட்டன் இறப்பதற்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தபோது, ஸ்டக்லி என்ற நண்பர் அவரோடு சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்தில் அப்பிள் மரங்களின் கீழ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முன்பும் இப்படி ஒரு இடத்தில் இருந்தபோதுதான் ஈர்ப்பைப் பற்றிய எண்ணம் வந்தது, ஓர் அப்பிள் விழுந்ததைக் கண்டேன் என்று நியூட்டனே அவருக்குச் சொன்னார். அவருடைய சகோதரி மகளின் கணவர் உட்பட வேறு சிலரும் இதே போல எழுதியிருக்கிறார்கள். ஆக, விழுந்ததைக் கண்டது நியூட்டன் தன் வாயால் சொன்ன விடயம். தலையில் விழுந்தது என்று இவர்கள் யாருமே சொல்லவில்லை. அது பிறகு ஒட்டிக்கொண்டது. நியூட்டன் அதைச் சொன்னது சம்பவம் நடந்து அறுபது வருடங்களுக்குப் பிறகு என்பதையும் மறக்கக்கூடாது. பழைய ஞாபகம் தன்னைத் தானே கொஞ்சம் அழகுபடுத்திக்கொள்ளும்.

ஆனால் அப்பிள் மட்டும் இருந்தால் ஒன்றும் இல்லை. விழுவதைக் காணாதவர் யார்? நம் வளவில் தேங்காய் விழுகிறது. நியூட்டன் கேட்டது, இதே ஈர்ப்பு சந்திரன் வரைக்கும் போகிறதா என்பது. இதை நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் எனக்கே மெய் சிலிர்க்கும். தென்னையில் இருந்து விடுபட்ட தேங்காய் முதல் விநாடியில் 4.9 மீற்றர் விழும். சந்திரன் பூமியின் மையத்தில் இருந்து பூமியின் ஆரையைப் போல் அறுபது மடங்கு தூரத்தில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்புக் குறைகிறது என்றால், அங்கே அது 60 தர 60, அதாவது 3,600இல் ஒரு பங்கு. அப்படியானால் தேங்காய் ஒரு விநாடியில் விழும் அதே 4.9 மீற்றரைச் சந்திரன் விழ ஒரு நிமிடம் எடுக்க வேண்டும். இப்போது வானத்தைப் பாருங்கள். சந்திரன் ஒரு நிமிடத்தில் தன் பாதையில் சுமார் 61 கிலோமீற்றர் போகிறது. நேர்கோட்டில் போயிருந்தால் எங்கே இருக்குமோ, அதில் இருந்து பூமிப் பக்கமாக எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்குப் பார்த்தால் 4.9 மீற்றர்! வளவுத் தேங்காயும் வானத்துச் சந்திரனும் ஒரே விதியில் விழுகின்றன. ஒன்று நிலத்தில் முட்டுகிறது, மற்றது பக்கவாட்டாகப் போய்க்கொண்டே இருப்பதால் முட்டவில்லை.

சந்தேகமான பகுதியும் இருக்கிறது. 1665, 66 கொள்ளைநோய்க் காலத்தில் ஊரில் இருந்தபடியே முழு விதியையும் முடித்துவிட்டார் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். தொடங்கினார் என்பதுதான் சரி. 1679இல் ஹூக் என்ற விஞ்ஞானி எழுதிய கடிதங்கள், 1684இல் ஹாலி என்ற வானியலாளர் கேம்பிரிட்ஜுக்கே வந்து கேட்ட கேள்வி, இவற்றுக்குப் பிறகுதான் அது முழு வடிவம் எடுத்தது; நூலாக வந்தது 1687இல். ஒரு மட்டக்களப்பானாக எனக்குப் பிடித்த செய்தி ஒன்று: ரோயல் சொசைட்டி என்ற இங்கிலாந்து விஞ்ஞானச் சங்கம் அந்த வருடங்களில் மீன்களைப் பற்றிய பெரிய படப் புத்தகம் ஒன்றை அச்சிட்டுக் கையில் இருந்த பணத்தை முடித்துவிட்டது. நியூட்டனின் நூலை ஹாலி தன் சொந்தச் செலவில் அச்சிட வேண்டி வந்தது. அந்தச் சங்கத்தில் வேலை பார்த்த ஹாலிக்குச் சேர வேண்டிய சம்பளத்துக்குப் பதிலாகவும் விற்காமல் கிடந்த மீன் புத்தகப் பிரதிகளையே கொடுத்தார்கள். மகள் இதைச் சொன்னால் கல்முனைப் பக்கத்துச் சபை நிச்சயம் நிமிர்ந்து உட்காரும்.

இந்த இடத்தில் பட்டியலில் இல்லாத ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது உங்கள் அம்பாறை மாவட்டம்தான். அதன் பிறகு வகுப்புகள் திரும்பத் தொடங்கியபோது, வாங்குகளில் இடைவெளிகள் இருந்தன. ஒரு பையன் கேட்டான், "அலை வர எவ்வளவு நேரம் எடுத்தது சேர்? முன்கூட்டித் தெரிந்திருக்க முடியாதா?" பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் லக்ராஞ் என்ற கணிதவியலாளர் தந்த ஒரு சிறு கோவை இருக்கிறது: நீளமான அலையின் கதி, நீரின் ஆழத்தையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர். கரையில் பத்து மீற்றர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 36 கிலோமீற்றர். பின்னால் வரும் நீர் முன்னால் போவதை எட்டிப்பிடிப்பதால் அலை உயர்ந்து நிற்கிறது. சுமாத்திராக் கரையில் இருந்து எங்களுக்கு சுமார் 1,600 கிலோமீற்றர். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. கணக்கு இருநூறு வருடமாகப் புத்தகத்தில் இருந்தது. பசுபிக் சமுத்திரத்தில் எச்சரிக்கை நிலையமும் இருந்தது. எங்கள் சமுத்திரத்தில் இருக்கவில்லை. அன்று அந்தப் பையனுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது என் கை நடுங்கியது. பௌதிகவியல் சோதனைக்குப் பாடமாக்கும் விடயம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வரும்.

பரடேயைப் பற்றி எழுதத் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன். ஆகப் பெரியவர் யார் என்ற கேள்விக்கு உலகம் நியூட்டன் அல்லது ஐன்ஸ்டீன் என்று சொல்லும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் மனம் பரடே பக்கம்தான் போகும். இரும்புக் கொல்லரின் மகன். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகப் போனார்; கட்ட வந்த புத்தகங்களை வாசித்துத்தான் படித்தார். 1812இல் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டில் டேவி என்ற பெரிய இரசாயனவியலாளரின் விரிவுரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். அடுத்த வருடம் அவரிடம் உதவியாளர் வேலை கிடைத்தது. கணிதம் அவருக்கு வராது. அவருடைய எழுத்துகளில் சமன்பாட்டைத் தேடினால் கிடைக்காது. ஆனால் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் கோடு கோடாக நிற்பதைப் பார்த்து, வெறுமை என்று நாம் நினைக்கும் இடத்தில் ஏதோ இருக்கிறது என்று உணர்ந்தவர். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இல் எர்ஸ்டெட் கண்டார். அப்படியானால் காந்தத்தில் இருந்து மின் வரவேண்டுமே என்று பரடே பல வருடம் திரும்பத் திரும்ப முயன்று தோற்றார். 1831 ஆகஸ்ட் 29இல் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் கம்பி சுற்றி, ஒரு பக்கத்து மின்னைத் தொடுத்தபோது மறு பக்கத்து ஊசி ஒருமுறை துடித்து அடங்கியது. அதை விட்டபோது திரும்பத் துடித்தது. மாற்றம் நடக்கும் கணத்தில் மட்டும்தான் மின் வருகிறது! நிலையாக ஓடும்போது ஊசி அசையவில்லை. அப்போது அசையும் என்றுதான் அவருக்கு முன்னால் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

உங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் சேனநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டடியில், இங்கினியாகலையில், ஒரு நீர்மின் நிலையம் இருக்கிறது. தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையே ஓயாத மாற்றத்தை உண்டாக்க, மின் வருகிறது. பரடேயின் ஊசி ஒருமுறை துடித்ததைத்தான் அங்கே விநாடிக்கு ஐம்பது தடவை நடத்துகிறார்கள். மகள் முடிந்தால் அதை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் பேசட்டும். 'இதனால் என்ன பயன்' என்று கேட்ட அரசியல்வாதிக்கு 'ஒருநாள் இதற்கு வரி போடுவீர்கள்' என்று பரடே பதில் சொன்னார் என்ற கதை மட்டும் வேண்டாம். அவர் காலத்து எழுத்துகளில் அதற்கு ஆதாரம் இல்லை. பரடேயின் கோடுகளைக் கணிதமாக்கியவர் மக்ஸ்வெல். 1865இல் வந்த கட்டுரையில், மின்காந்த அலையின் கதி ஒளியின் கதியோடு ஒத்துப்போவதைக் கண்டு, ஒளியே அப்படியான அலைதான் என்றார். 1887, 88இல் ஹேர்ட்ஸ் அந்த அலைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். கைத்தொலைபேசிக் கோபுரம் வரைக்கும் அந்த வழிதான்.

மேரி கியூரியைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் உண்மை. ஒழுகும் கொட்டில், தொன் கணக்கில் கிண்டிக் காய்ச்சிய யுரேனியக் கனிமம், 1898இல் பொலோனியமும் ரேடியமும், 1902இல் பிரித்தெடுத்த பத்தில் ஒரு கிராம் ரேடியம் குளோரைட்டு. அவருடைய குறிப்பேடுகள் இன்றும் கதிர்வீசுவதால் ஈயப் பெட்டியில் வைக்கப்பட்டிருப்பதும் உண்மை. அவருடைய மரணத்தை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். 1934இல் இறந்தது இரத்தம் சம்பந்தமான நோயால். ரேடியம்தான் கொன்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். முதல் உலகப் போரில் காயப்பட்டவர்களுக்காக அவர் ஓட்டிய எக்ஸ்-கதிர் வண்டிகளில் பட்ட கதிரே பெரிய காரணம் என்று பின்னாளில் கருதியவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெண் பிள்ளை மேடையில் சொல்ல வேண்டிய விடயம் வேறொன்று. 1903 நோபல் பரிசுக்கு முதலில் யுரேனியத்தின் கதிர்வீச்சைக் கண்ட பெக்கரலின் பெயரும் கணவர் பியேரின் பெயரும்தான் முன்மொழியப்பட்டன. சுவீடனில் இருந்த கணிதவியலாளர் ஒருவர் இதைப் பியேருக்கு அறிவிக்க, மனைவியின் பெயர் இல்லாமல் அது சரியாகாது என்று பியேர் எழுதினார். பிறகுதான் மேரியின் பெயர் சேர்ந்தது. 1911இல் இரண்டாவது நோபலை அவர் தனியாகவே வாங்கினார்.

ஐன்ஸ்டீன் கணக்கில் பெயில் என்பது பொய், இதில் சந்தேகமே வேண்டாம். 1896இல் ஆராவ் பாடசாலைச் சான்றிதழில் அட்சரகணிதத்துக்கும் கேத்திரகணிதத்துக்கும் 6 வாங்கினார். சுவிஸ் நாட்டில் 6தான் ஆகக் கூடிய புள்ளி. அதற்கு முந்திய வருடம் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி அனுமதிப் பரீட்சையில், உரிய வயதுக்கு முன்பே எழுதி, பிற பாடங்களில் தவறினார். கணிதமும் பௌதிகமும் நன்றாகவே செய்தார். கணக்கில் குறைந்த பிள்ளைகளைத் தேற்ற இந்தக் கதையைச் சொல்கிறார்கள். தேற்றுவதற்குப் பரடே இருக்கிறார், பொய் தேவையில்லை. நோபல் பரிசு சார்புக் கொள்கைக்கு அல்ல, ஒளி பட்டு உலோகத்தில் இருந்து இலத்திரன் வெளிவரும் ஒளிமின் விளைவுக்குத்தான் கிடைத்தது. நேரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடாது என்று சொல்லும் சார்புக் கொள்கைக்குச் சாட்சி தேவையென்றால் கைபேசியில் வழி காட்டும் வரைபடம் போதும்: அந்தச் செய்மதிகளின் மணிக்கூடுகள் நாளொன்றுக்கு நம் மணிக்கூடுகளை விட சுமார் 38 மைக்கிரோ விநாடி விரைவாக ஓடுகின்றன. அதைத் திருத்தாவிட்டால் வரைபடம் ஒரே நாளில் கிலோமீற்றர் கணக்கில் பிழைத்துவிடும்.

தமிழர் ஒருவர் வேண்டும் என்று பிள்ளை கேட்டால் இராமன் இருக்கிறார். 1921இல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமா என்று கேட்டார். கையில் இருந்த சிறு படிகத்தால் மேற்பரப்புத் தெறிப்பை விலக்கிப் பார்த்தும் நீலம் போகவில்லை. அந்தக் கேள்விதான் அவரை, ஒளி சிதறும்போது அதன் நிறம் சற்று மாறும் என்ற 1928 இராமன் விளைவுக்கும் 1930 நோபலுக்கும் கொண்டுபோனது. இங்கேயும் கவனம்: அவரோடு கிருஷ்ணன் உழைத்தார், ரஷ்யாவில் இருவர் அதே நாட்களில் அதே விளைவைப் படிகங்களில் கண்டார்கள், கல்லடிக் கடல் நீலமாகத் தெரிவதற்குப் பெரிய காரணம், நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவது. இதைச் சொன்னால் இராமன் குறைந்துபோக மாட்டார். வேறு கண்டுபிடிப்புகளிலும் இப்படிப் பெயர் மறைந்தவர்கள் இருக்கிறார்கள். அணுக்கருவை ரதபோட் கண்டார் என்று படிக்கிறோம். இருட்டறையில் இருந்து பொட்டுப் பொட்டாக மின்னிய ஒளியை எண்ணியவர்களில் ஒருவர் மார்ஸ்டன் என்ற இருபது வயது மாணவர். துடிக்கும் விண்மீனின் அடையாளத்தை 1967இல் தாள் சுருளில் முதலில் கவனித்தவர் ஜொசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி. 1974 நோபல் அவருடைய மேற்பார்வையாளருக்குப் போனது.

பத்து நிமிடத்துக்கு ஆறு பேரே அதிகம். கலிலியோ, நியூட்டன், பரடே மூவரை மட்டும் எடுத்து, அவர்கள் எதை வைத்து எப்படி அளந்தார்கள் என்று பிள்ளை சொல்லட்டும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வசனம் போதும். கலிலியோவை மேடையிலேயே செய்து காட்டலாம். இரண்டு மீற்றர் பி.வி.சி. குழாய் ஒன்றை நெடுக அறுத்து இரண்டாகப் பிளந்தால் நல்ல தவாளிப்புக் கிடைக்கும். ஒரு நுனிக்குப் பக்கத்தில் தொடக்கக் கோடு போட்டு, அதில் இருந்து 10, 40, 90, 160 சென்ரிமீற்றரில் குழாயின் உட்புற அடியில் படியும்படி குறுக்கே தையல் நூலை ஒட்டுங்கள். தொடக்கப் பக்கத்தை ஒரு பத்து சென்ரிமீற்றர் உயர்த்தி, கண்ணாடிப் போளை ஒன்றைத் தள்ளாமல் விடுங்கள். இடைவெளிகள் கூடிக்கொண்டே போனாலும், போளை நூலைத் தட்டும் 'டிக்' சத்தம் சம நேரத்துக்கு ஒருமுறை கேட்கும், முக்கால் விநாடி அளவில். நான் முதலில் இறப்பர் பட்டி போட்டுச் செய்து, போளை துள்ளி வெளியே பாய்ந்து, வகுப்பில் அன்று காட்ட முடியாமல் போனது. மெல்லிய நூல்தான் சரி. மண்டபத்தில் சத்தம் கேட்காதென்றால் ஒலிவாங்கியைக் குழாயின் நடுவில், நிலத்தோடு வைக்கச் சொல்லுங்கள். முதல் நாளே வீட்டில் பத்துத் தடவையாவது உருட்டிப் பார்க்கட்டும். குழாய் நடுவில் வளைந்து தொய்ந்தால் கடைசி 'டிக்' பிந்தும். கீழே ஒரு பலகை கொடுத்தால் சரியாகிவிடும்.